பூனையின் தாகத்தை நம்பாதீர்கள்

வறண்ட நிலத்து வாரிசு

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. எலியின் உடலில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர்தான் என்பதால், இரையே அதன் தாகத்தையும் தீர்த்தது. கிடைத்த நீரை வீணாக்காமல், சிறுநீரை நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் செறிவாக்கி வெளியேற்றும் சிறுநீரகம் அதற்கு வாய்த்தது. அதே உடலோடுதான் பூனை இன்று நம் வீட்டில் இருக்கிறது. உடலில் நீர் குறைந்தாலும் அதற்குச் சட்டென்று தாகம் எடுப்பதில்லை. "கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது, வேண்டுமானால் குடித்துக்கொள்ளும்" என்ற நம் நினைப்பு இங்கேதான் பிசகுகிறது.

4 கிலோ எடையுள்ள பூனைக்கு உணவும் குடிநீரும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி நீர் வேண்டும். உலர் தீவனத்தில் ஈரம் பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது; 60 கிராம் தின்றால் கிடைப்பது 6 மில்லிதான். மீதியில் பெரும்பகுதியை நக்கியே குடித்தாக வேண்டும். நாக்கின் நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டு மேலே இழுத்து, கூடவே எழும்பும் மெல்லிய நீர்த்தாரையை வாயை மூடிப் பிடித்துக்கொள்கிறது பூனை. ஒரு தடவை நக்கினால் கிடைப்பது சுமார் ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2010இல் கண்டறிந்தார்கள். அப்படியென்றால் ஆயிரம் தடவைக்கு மேல் நக்க வேண்டும்!

உலர் தீவனம் தின்னும் பூனை அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனாலும் 75 சதவீதத்துக்கு மேல் நீருள்ள ஈர உணவு தின்னும் பூனையின் மொத்த நீர் அளவை அது பொதுவாக எட்டுவதில்லை. உலர் தீவனத்திலேயே நலமாக வாழும் பூனைகளும் ஏராளம், அதை மறுக்கவில்லை. சிறுநீர்க் கோளாறு ஒரு தடவை வந்த பூனைக்கு மட்டும் அந்தத் துணிச்சல் வேண்டாம். தண்ணீரைக் கிண்ணத்தில் வைப்பதோடு நிற்காமல் சாப்பாட்டிலேயே சேர்த்துவிடுவது எல்லாப் பூனைக்கும் நல்லது.

பாலும் பிற பானங்களும்

பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கம்பர் தம்மை அவையடக்கத்தில் சொல்லிக்கொண்டார். பூனையையும் பாலையும் நாம் அவ்வளவு காலமாகச் சேர்த்தே நினைக்கிறோம். ஆனால் தாய்ப்பால் மறந்தபின் பெரும்பாலான பூனைகளின் குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு வந்தால், நீர்ச்சத்துக்காக ஊற்றிய பாலே உடலில் இருந்த நீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் காலத்துப் பூனைகள் பால்சோறு தின்று வாழவில்லையா? வாழ்ந்தன. பாலைத் தாங்கும் பூனைகளும் உண்டு. தவிர, அவை எலியும் ஓணானும் பிடித்துத் தின்றன. பால் மேற்கொண்டு கிடைத்தது. அடுக்குமாடி வீட்டுப் பூனைக்கு அந்த வேட்டை இல்லை.

டீ, காபி கூடவே கூடாது. காஃபின் பூனைக்கு நஞ்சு. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் குழம்பு, ரசம் எதையும் சோற்றில் பிசைந்து வைக்கக் கூடாது. உப்பும் மசாலாவும் இல்லாமல் மீனோ கோழியோ வேகவைத்த நீரை ஆறவைத்து ஊற்றலாம். பெரும்பாலான பூனைகள் அதை விரும்பிக் குடிக்கும்.

கிண்ணமா, குழாயா?

மிக அருகில் இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. அசையாத நீரின் மட்டத்தை அறியத்தான் அது முன்னங்காலை நனைத்துப் பார்க்கிறது என்பது ஒரு விளக்கம். ஓடும் நீர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிறது. குழாயடியில் போய் உட்காரும் பூனைகள் அதனால்தானோ என்னவோ. அதற்காக விலைகொடுத்து நீரூற்றுக் கருவி வாங்கினால் எல்லாப் பூனையும் கூடுதலாகக் குடிக்கும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. பூனைக்குப் பூனை வேறுபடுகிறது. வாயகன்ற கிண்ணங்களை மலத்தொட்டியிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடங்களில் வைத்து, தினமும் கழுவி மாற்றினாலே நல்ல தொடக்கம். குளியலறை வாளியில் பினாயில் கலந்த நீர் இருந்தால் கதவை மூடிவையுங்கள். பூனையின் கல்லீரலால் அந்த நஞ்சைச் சரிவர முறிக்க முடியாது.

உடனே மருத்துவரிடம்

ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அது மலத்தொட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி, கத்தி, சொட்டுக்கூடக் கழிக்காமல் வந்தால் அடைப்பாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். காலைவரை பொறுக்காமல் இரவிலேயே கொண்டுபோங்கள். வயதான பூனை திடீரென்று நிறையக் குடிக்கத் தொடங்கினாலும் மகிழ்ந்துவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ தைராய்டு மிகையோ காரணமாக இருக்கலாம்; அதற்கு இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். அதுவரை தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.