ஜியோசிட்டீஸ்

ஜியோசிட்டீஸ் என்பது பொதுமக்கள் தமக்கெனத் தனி வலைப்பக்கங்களை இலவசமாக அமைத்துக்கொள்ள இடமளித்த இணையச் சேவை ஆகும். இது 1994ஆம் ஆண்டு டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் ஆகியோரால் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. எச்.டி.எம்.எல் பாடங்களும் பயண நினைவுகளும் இங்கு பொழுதுபோக்காக எழுதப்பட்டன.

அமைப்பு

பக்கங்கள் பொருள்வாரியாகப் 'பேட்டைகளாக'ப் பிரிக்கப்பட்டிருந்தன. கணினி சார்ந்தவை சிலிக்கான் வேலி என்ற பேட்டையிலும், விடுமுறைப் பயணம் சார்ந்தவை த டிராபிக்ஸ் என்ற பேட்டையிலும் இடம்பெற்றன. தொடக்க காலத்தில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் பேட்டையின் பெயரையும் ஒரு வீட்டு எண்ணையும் கொண்டிருந்தது.

கற்றல் முறை

உலாவியில் எந்தப் பக்கத்தின் மூல நிரலையும் திறந்து பார்க்க இயலும். பிறர் எழுதிய குறிச்சொற்களைப் படியெடுத்து மாற்றிப் பார்ப்பதே பலருக்கு முதற்பாடமாக அமைந்தது. பேட்டைகளில் இருந்த தன்னார்வலர்களும் புதியவர்களுக்கு உதவினர். பயணப் படங்களை வெளியிட விரும்பிய ஒருவர், படத்தைக் காட்டும் குறிச்சொல், இணைப்பு, அட்டவணை ஆகியவற்றைக் கற்க வேண்டியிருந்தது. இடம் குறைவு என்பதால் படங்களின் கோப்பு அளவைச் சுருக்கவும் அறிந்திருக்க வேண்டும். இவ்வாறு கற்றதை அடுத்தவருக்குப் பாடமாக எழுதியபோது, நிரல் விளக்கமும் பயணக் குறிப்பும் ஒரே தளத்தில் அருகருகே அமைந்தன.

உரிமைச் சிக்கல்

1999இல் யாகூ நிறுவனம் 350 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்பில் ஜியோசிட்டீசை வாங்கியது. அதே ஆண்டு வெளியான புதிய பயன்பாட்டு விதிகள், பயனர்களின் எழுத்து, படங்கள் மீது நிறுவனத்துக்கு மிகப் பரந்த உரிமைகளை அளித்தன. பயனர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து அவ்விதிகள் திருத்தப்பட்டன.

மூடலும் பாதுகாப்பும்

2009ஆம் ஆண்டு ஏப்ரலில் மூடல் அறிவிக்கப்பட்டு, அக்டோபர் 26 அன்று ஐக்கிய அமெரிக்கச் சேவை நிறுத்தப்பட்டது. சப்பானியச் சேவை 2019 மார்ச் 31 வரை நீடித்தது. கணக்கை மறந்தவர்களும் கடவுச்சொல்லை இழந்தவர்களும் தம் கோப்புகளைத் தாமே மீட்க இயலவில்லை.

ஜேசன் ஸ்காட் உள்ளிட்ட தன்னார்வலர்களின் ஆர்க்கைவ் டீம் என்னும் குழு, மூடலுக்கு முன் இயன்ற அளவு பக்கங்களைப் படியெடுத்தது. ஏறத்தாழ 640 கிகாபைட்டு அளவுள்ள அத்தொகுப்பு 2010இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. ஒல்யா லியாலினா, டிராகன் எஸ்பென்சீட் ஆகியோர் அதைக் கொண்டு பழைய பக்கங்களின் தோற்றத்தை மீட்டுக் காட்டினர். இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பும் பல பக்கங்களைச் சேமித்துள்ளது.

எச்.டி.எம்.எல் பாடங்களை வேறு நூல்களிலும் தளங்களிலும் கற்கலாம். ஆனால் ஒருவரின் பயணக் குறிப்புக்கு மாற்று நூல் இல்லை. வழங்கியில் உள்ள கோப்புகளின் மற்றொரு படியைத் தம் கணினியிலும் வைத்திருந்தவர்களுக்கு, சேவை நின்ற பின்னரும் அவை எஞ்சின.