எழுதியது கிரயம், எண்ணியது அடமானம்

பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரும் வழக்குக்கு, அதற்குரிய காரணம் தெரியவந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுகள் என 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் விதித்திருக்க, அந்தக் கெடு நெருங்கும் தறுவாயில் வாசகர்கள் எழுதும் கடிதங்கள் பலவும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்த பத்திரத்தில் கிரயம் என்றிருந்தால், நடந்ததை நியாயஸ்தலத்தில் வாயால் சொல்லக் கூடாதா?

கூடாதென்பதே பொது விதி. அதைச் சொல்லும், ஆங்கிலேயச் சட்டவல்லுநர் ஸ்டீபன் வகுத்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 95ஆம் பிரிவாக அமர்ந்திருக்கிறது. காலனியச் சட்டத்தைக் களைந்துவிட்டதாக அரசாங்கம் பறைசாற்றினாலும், இவ்விடத்தில் மாறியது பெரும்பாலும் இலக்கமே. கட்சிகளின் உத்தேசத்தையே தேடுவதாகத் தீர்ப்புகள் சொல்லும். அந்த உத்தேசமோ சொற்களில் வெளிப்பட்டதேயன்றி நெஞ்சில் இருந்ததன்று. ராம்பூரிலுள்ள என் நூறு பிகா நிலம் என்று எழுதியவனுக்கு அங்கே அப்படியொரு நிலம் இருந்துவிட்டால், விற்க நினைத்தது வேறூர் நிலம் என்பதற்குச் சாட்சியம் ஏலாது. கொல்கத்தாவிலுள்ள என் வீடு என்று எழுதியவனுக்கு அங்கே வீடே இல்லாமல், ஹவுராவிலுள்ள அவன் வீட்டை வாங்கியவன் அனுபவித்து வந்தால், சாட்சியத்துக்கு வழியுண்டு. இவை சட்டமே தரும் உதாரணங்கள்.

வட்டிக்காரருக்கு வசதியான இடம் இதுதான். கிரயப் பத்திரத்தை அடமானமென்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் ஆகாதென்று பிரிவி கவுன்சில் 1899இல், பால்கிஷன் தாஸ் எதிர் லெக் வழக்கில் தீர்த்தது. மறுகிரய நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லாவிட்டால் அது அடமானமாகாதென்று 1929இன் திருத்தம் சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் சேர்த்தது. ஆகவே, பணம் தந்தால் திருப்பி எழுதித் தருகிறேன் என்ற வாக்குறுதி தனித்தாளில் போகிறது. ஆனால் கங்காபாய் எதிர் சபூபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், பத்திரம் செயற்பட வேண்டுமென்ற எண்ணமே இன்றி, உள்ளே வேறோர் உடன்பாட்டை வைத்துக்கொண்டு வெறும் பாவனைக்காக எழுதப்பட்டது என்று வாதித்தால் வாய்மொழிச் சாட்சியத்துக்குத் தடையில்லை என்றது. கிரயத்தின் நிபந்தனை வேறு என்பவனுக்குக் கதவு அடைபடுகிறது, கிரயமே பொய் என்பவனுக்குத் திறக்கிறது. நடந்த சம்பவம் ஒன்றாகவே இருக்க, வக்கீல் வரையும் பிராதின் வாசகமே பலனை நிர்ணயிப்பது சாமர்த்தியமான ஏற்பாடுதான், நியாயமான ஏற்பாடென்று சொல்ல எனக்கு மனமில்லை.

மோசடியோ மிரட்டலோ? சாட்சியம் உண்டு, நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. பத்திரத்தில் கட்சியல்லாதவர்? தடை அவருக்கில்லை. பதிவான பத்திரத்தைப் பிற்பாடு வாய்ப்பேச்சால் மாற்றலாமா? முடியாது. பதிவே உண்மைக்கு அத்தாட்சியா? அன்று, சார்பதிவாளர் பார்ப்பது எழுதிக்கொடுத்தவர் ஒப்புக்கொள்கிறாரா என்பதையே.

கடனுக்காகக் கிரயம் எழுத நேர்ந்தால், மறுகிரய நிபந்தனையை அந்தப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள், கடன் தருபவர் மறுப்பாராயின் கையெழுத்திடாதீர்கள்.