இரவில் விழிக்கும் முதுகுவலி

இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

முதுகுவலி முதியோர்க்கே உரியது என்று எண்ணியிருந்தேன். பதினேழாம் வயதில் அது என்னைத் தேடி வந்தது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் விளக்கை அணைத்துப் படுத்தால் போதும். இடுப்புக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில், துளைப்பதுபோல் வலிக்கும். அம்மா நொச்சியிலை ஒத்தடம் கொடுத்தார், தைலம் தேய்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. "பரீட்சை வந்தால் வருகிற வலி" என்று அண்டை வீட்டார் சிரித்தனர். எக்ஸ்-ரே பார்த்த மருத்துவரும் ஏறக்குறைய அதையே சொல்லி அனுப்பிவிட்டார். ஒருநாள், தலைவலிக்கென்று வீட்டில் வைத்திருந்த ஆஸ்பிரினை விழுங்கினேன். சிறிது நேரத்தில் வலி போன இடம் தெரியவில்லை!

எட்டாம் மாதம் சட்டைக்கு அளவெடுத்த தையற்காரர், "தம்பி, ஒரு தோள் இறங்கியிருக்கே" என்றார். அதன்பிறகுதான் எலும்பு மருத்துவரிடம் சென்றோம். இரவு வலி, ஆஸ்பிரின், வளைந்த முதுகு ஆகிய மூன்றையும் கேட்டதும் அவர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முள்ளெலும்பின் பின்புறத்தில் கடலைப்பருப்பளவு கட்டி! அம்மா அழுதுவிட்டார். கட்டி என்றாலே புற்று என்பது அவர் எண்ணம்.

இது புற்றன்று; பரவாது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்பது பெயர். 1935இல் அமெரிக்க நோய்க்கூறியல் அறிஞர் ஹென்றி ஜாஃபே இதைத் தனி நோயாக இனங்கண்டார். இதன் கரு பெரும்பாலும் 1.5 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆனால் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரந்து வலியைத் தூண்டுகிறது. ஆஸ்பிரின் அப்பொருள் உருவாவதையே தடுக்கிறது; மாயத்தின் மர்மம் இதுதான். (அதற்காக நண்பர்கள் தாமாக ஆஸ்பிரின் விழுங்க வேண்டா; வயிற்றைப் புண்ணாக்கும்.) வலிக்கும் பக்கத்துத் தசைகள் இறுகுவதால் முதுகு வளைகிறது, கட்டி பெரும்பாலும் வளைவின் உட்பக்கத்தில் இருக்கும். இளவயதினரையே, அதிலும் ஆண்களையே, இது மிகுதியாகப் பற்றுகிறது. இதன் அண்ணன் போன்ற ஆஸ்டியோபிளாஸ்டோமா 2 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். ஆஸ்பிரினுக்கு அவ்வளவாக அடங்காது.

முள்ளெலும்பின் பகுதிகள் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் எக்ஸ்-ரேயில் இது மறைந்துவிடுவதுண்டு. ஆகவே முதல் மருத்துவரை நான் குறைகூறவில்லை. ஆனாலும் பொய்யன் பட்டம் கட்டியிருக்க வேண்டாம்.

இப்போது ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலையால் கருவைச் சுட்டுவிடும் முறையும் உண்டு. என் கட்டி நரம்பை ஒட்டியிருந்ததால் அறுத்தே எடுத்தனர். அன்றிரவு தையல் வலித்தது. பழைய வலி இல்லை. வளைவு 15 மாதங்களுக்குமேல் நீடித்தால் தானாக நிமிர்வது அரிது என்பர். எனக்கு நிமிர்ந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது அதே தையற்காரர்தான் அளவெடுத்தார். தோளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.