சித்தப்பாவின் மோட்டார் ஏன் நின்றது?

நேர்மையா ஒரு பதில் சொல்லுங்க பாஸ். டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மார்க் வாங்கியிருப்பீர்கள். அதே எஞ்சினைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "ஸ்டார்ட் பண்ணு" என்றால்?

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். எனக்கு முழி பிதுங்கிவிட்டது.

எங்கள் ஊர் குமரி மாவட்டக் கடற்கரை. சித்தப்பாவிடம் ஒரு சின்ன ஃபைபர் வள்ளம். அதன் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார், எட்டு குதிரைத் திறன், இரண்டு சிலிண்டர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நடுக்கடலில் அது சூடேறி, இரைந்து, நின்றுபோனது. பக்கத்து வள்ளக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். ஒர்க்‌ஷாப்பில் மூடியைக்கூட திறக்காமல், "பிஸ்டன் போயிருக்கும், பழசுக்குக் காசைக் கொட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். புதுசு வாங்கணும்னா லட்சத்தைத் தாண்டும். அன்றிலிருந்து சித்தப்பா இன்னொருத்தர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். சொந்த வள்ளம் தென்னை மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது.

போன செமஸ்டர் லீவில் சாக்கு மூட்டையைப் பிரித்து மோட்டாரை வெளியே எடுத்தேன். நேராக ஸ்டார்ட்டர் கயிற்றில் கை வைத்தேன். "லேய், அது ஏன் நின்னுச்சுன்னு தெரியுமா ஒனக்கு? தெரியாம எதுக்கு இழுக்க?" என்றார் சித்தப்பா. லீவு முழுக்க நான் படித்த பாடம் இந்த ஒரு வரிதான்.

வீட்டில் வைத்தா?

'எஞ்சினை எல்லாம் வீட்டில் பிரிக்கலாமா?' என்று யோசிக்கிறீர்களா? அவுட்போர்டு கதையிலேயே அப்படி ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மாணவர் கேமரன் வாட்டர்மேன், 1903-ல் தன் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கழற்றி, நாற்காலி முதுகில் தொங்கவிட்டு வேலை பார்த்தாராம். இதையே படகின் பின்னால் தொங்கவிட்டால் என்ன என்று அப்போது தோன்றியதாகச் சொல்வார்கள். 1905-ல் ஓட்டிப் பார்த்தார், 1907-ல் காப்புரிமை வாங்கினார். 1909-ல் ஒலே எவின்ரூட் தன் ஒன்றரை குதிரைத் திறன் மோட்டாரை விற்கத் தொடங்கியதும் அது ஊர் ஊராகப் பரவியது. ஆக, ஹாஸ்டல் ரூம் வேலையைக் கேவலமாக நினைக்காதீங்க!

இழுக்காதே, கேள்!

எஞ்சின் ஓட நாலு விஷயம் வேண்டும்: அழுத்தம், தீப்பொறி, எரிபொருள், குளிர்ச்சி. இந்த வரிசையிலேயே விசாரியுங்கள்.

முதலில் ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன். அசையவில்லை. இங்கேதான் நம்ம ஆட்கள் சுத்தியலைத் தேடுவார்கள். வேண்டாம். பிளக் துளை வழியாக துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் மெதுவாக அசைத்தபோது சுற்றியது. ஒரு நண்பனின் கேஜ் வைத்துப் பார்த்தேன். இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் நன்றாகவே இருந்தது, ஏறக்குறைய சமமாகவும் இருந்தது. எண் எவ்வளவு என்பதைப் போலவே, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருப்பதும் முக்கியம். "பிஸ்டன் போகல சித்தப்பா!" என்று கத்தினேன். அவர் வலை பின்னுவதை நிறுத்தாமல், "அப்போ ஏன் நின்னுச்சு?" என்றார்.

அடுத்தது தீப்பொறி. பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சின் உலோகத்தில் அழுத்தி, கயிற்றை இழுக்க வேண்டும். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் நல்லது. மங்கலான மஞ்சள் வந்தால் பாயிண்ட், காயில், வயர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எனக்கு பாயிண்ட்டைச் சுத்தம் செய்ததும் நீலம் வந்தது. ஜாக்கிரதை: பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி வைத்துத்தான் இந்தச் சோதனை. உள்ளே மிச்சமிருக்கும் ஆவி தீப்பிடிக்கும்.

மூன்றாவது கார்புரேட்டர். நாலு வருஷப் பெட்ரோல் உள்ளே பிசினாக ஒட்டியிருந்தது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஜெட்டின் துளையில் கம்பி விட்டுக் குடையாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை மாறிவிடும். பழைய ரப்பர் குழாய்களைத் தூக்கிப் போடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். வாரக்கணக்கில் டேங்கில் விட்டு வைக்காதீர்கள்.

ஆயில் விஷயத்தில் பைக் 2டி ஆயில் போதும் என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு டிசி-டபிள்யூ3 தர ஆயில் தனியாக இருக்கிறது. 50-க்கு 1 என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி. பல பழைய மோட்டார்கள் இதைவிட அதிகம் கேட்கும். மேனுவல் சொல்வதே சட்டம்.

காணாமல் போன இறக்கை

நாலாவது, குளிர்ச்சி. மோட்டாரின் கீழ்ப்பகுதியில், தண்ணீருக்குள் மூழ்கும் காலில், ஒரு குட்டி பம்ப் இருக்கும். அதற்குள் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம். கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி எஞ்சினைக் குளிர வைப்பது அதுதான். காலைக் கழற்றவே இரண்டு நாள் ஆனது. அலுமினியத்தில் இறுகிய ஸ்டீல் போல்ட்டை உப்பு அப்படியே சிமென்ட் மாதிரி பிடித்துவிடும். எண்ணெய், கொஞ்சம் சூடு, நிறையப் பொறுமை. அப்படியும் ஒரு போல்ட் உடைந்தது.

திறந்தால், இம்பெல்லரின் ஆறு இறக்கையில் மூன்றைக் காணோம். ஏன் நின்றது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது! புது இம்பெல்லர் போட்டு, முற்றத்தில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மாட்டினேன். ஏழாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. தெருவே கூடிவிட்டது. தம்பி செல்போனில் வீடியோ எடுத்தான். நான் ஹீரோ.

சித்தப்பா மட்டும் சத்தத்தைக் கேட்கவில்லை. பின்பக்கத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து தண்ணீர் நல்ல தாரையாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தது. "நிறுத்து" என்றார்.

அன்று ராத்திரி பழைய துண்டுகளை எடுத்து வைத்து எண்ணினேன். உடைந்த இறக்கை மூன்று. பம்ப் கூட்டுக்குள் கிடைத்தது இரண்டு. மூன்றாவது எங்கே? மேலே போகும் தண்ணீர்க் குழாயைக் கழற்றி, பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் காற்றடித்தேன். 'டப்' என்று ஒரு கறுப்பு ரப்பர் துண்டு வந்து விழுந்தது. சுண்டு விரல் நகம் அளவு. அதை அப்படியே விட்டுக் கடலுக்குப் போயிருந்தால், சித்தப்பாவை மறுபடி யாராவது கயிறு கட்டி இழுத்து வந்திருக்க வேண்டும். இழுக்க யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால்?

மறுநாள் டிரம்மில் தாரை சீறி வந்தது.

மறக்கக் கூடாதவை

மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். சில நொடிகளிலேயே புது இம்பெல்லர் தேய்ந்து கருகத் தொடங்கும். மூடிய அறையில் ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது என்று அர்த்தம், சீலை மாற்றுங்கள். புரொப்பெல்லரில் ஷியர் பின் இருந்தால் அது உடைவதற்கென்றே வைத்தது. பாறையில் இடித்தால் அது உடைந்து கியரைக் காப்பாற்றும். உடைகிறதே என்று டிரில் பிட் துண்டைச் செருகினால், அடுத்த இடியில் கியர் பல் போகும். காலில் இருக்கும் துத்தநாகக் கட்டி, மோட்டாருக்குப் பதில் தான் அரிபடுவதற்காக இருப்பது. அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள்.

மொத்தச் செலவு ஒரு சுமாரான செல்போன் விலைகூட ஆகவில்லை.

முதல் நாள் கரையை ஒட்டியே ஓட்டினோம். இருவருக்கும் லைஃப் ஜாக்கெட், கூப்பிடு தூரத்தில் இன்னொரு வள்ளம். கிளம்பும்போது சித்தப்பா இரண்டு துடுப்பை எடுத்து உள்ளே போட்டார். எனக்கு ரோஷம். "என் வேலை மேல நம்பிக்கை இல்லையா சித்தப்பா?"

"புது மெஷின்னாலும் துடுப்பு இல்லாம எவம்லே கடலுக்குப் போவான்? கயித்த இழு!"

இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. இப்போது அவர் கூலிக்குப் போவதில்லை. நான் ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணினால், "மார்க் எவ்வளவு?" என்று கேட்பதில்லை. "தண்ணி நல்லா பீச்சுது மக்கா" என்கிறார். அந்த மூன்றாவது ரப்பர் துண்டு என் பென்சில் பாக்ஸில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் என்ன பாஸ் கிடக்கிறது? போய் சாக்கை விலக்கிப் பாருங்கள். ஆனால் கயிற்றை இழுக்கும் முன்னால், அது ஏன் நின்றது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.