கல்லுக்கு அப்பால் கொஞ்சம் மணல்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போனால் கடல் கூடவே வரும், கரைதான் வராது. வலப்பக்கம் கருங்கல் கொட்டிய தடுப்பு, இடையிடையே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள். இடப்பக்கம் கன்டெய்னர் லாரிகள். தூண்டில் வளைவுகளின் மடியில் துண்டு துண்டாக மணல் ஒதுங்கியிருக்கும். அதில் படகுகளை ஏற்றி வைக்கவே இடம் போதாது. கால் வலிக்கும்வரை மணலில் நடக்க ஆசைப்படுபவர், தாழங்குப்பமும் நெட்டுக்குப்பமும் தாண்டி, கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம் வரை போக வேண்டும். வண்டி குப்பத்தோடு நின்றுவிடும். மிச்சம் நடைதான்.

இங்கிருந்த கரையெல்லாம் எங்கே போயிற்று? 1876-இல் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். இந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் மட்டும் எதிர்த்திசையில் போகும். அந்த ஓட்டத்தின் குறுக்கே சுவர் வந்ததும் தெற்கே மணல் தேங்கியது, வடக்கே பசி தொடங்கியது. மெரினாவின் இன்றைய அகலம் அப்படிச் சேர்ந்ததுதான். வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊருக்குள் ஏறி வீடுகளையும் தெருக்களையும் கொண்டுபோனது. அதைத் தடுக்கத்தான் கல் கொட்டினார்கள். மெரினா மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது. அந்த மணலில் வடசென்னையின் பங்கும் இருக்கிறது.

நெட்டுக்குப்பத்தில் கடலுக்குள் நீண்டு, நுனி உடைந்து நிற்கும் பழைய பாலம் ஒன்று உண்டு. படம் எடுக்க வருகிறவர்கள் அதோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்கு வடக்கே ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். ஈர மணலில் குழிநண்டுகள் வளை தோண்டி, உருட்டிய மணலை வாசலில் குவித்து வைத்திருக்கும். காலடி அதிர்ந்ததும் உள்ளே மறையும். கிழக்கே துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கப்பல்கள். வடக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இவ்வளவுக்கும் நடுவில் இந்த மணல் பிழைத்திருப்பதே பெரிய விஷயம்.

முகத்துவாரத்தில், கடலும் ஆறும் சேரும் இடத்தில், வலையை உதறிக்கொண்டிருந்த இளைஞர் குரல் கொடுத்தார்: "அண்ணே, அங்க எறங்காதீங்க. இழுத்துக்கினு பூடும்." ஆற்றுப் பக்கம் தண்ணீர் நிதானமாக இருந்தது. இடுப்பளவு நீரில் குனிந்து சிலர் சேற்றைக் கையால் துழாவினார்கள். இறால் சிக்கியதும், பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பனையோலைப் பறிக்குள் அது போய் விழும். படகு வேண்டாம், வலை வேண்டாம். ஆறு உயிரோடு இருந்தால் போதும்.

ஆறு உயிரோடு இருக்க இந்த வாய் திறந்திருக்க வேண்டும். கடல் நீர் உள்ளே ஏறி இறங்கினால்தான் இறாலும் நண்டும் மீனும். பூண்டி ஏரியில் உபரி நீர் திறந்தால் வெள்ளம் வெளியேறும் வழியும் இதுதான். ஆனால் வாய் அடிக்கடி தூர்ந்துபோகிறது. உள்ளே, அனல்மின் நிலையக் குழாய்கள் உடைந்து கொட்டிய சாம்பல் ஆற்றின் அடியில் படிந்து கிடக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையில் ஒதுங்கிய எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தையே கறுப்பாக்கியது. இரண்டு முறையும் முதலில் பிழைப்பை இழந்தவர்கள் குப்பத்து மக்கள்.

இந்தக் கரைக்குச் சாலை வேண்டாம். நடைபாதைக் கல்லும் அலங்கார விளக்கும் வேண்டாம். முகத்துவாரத்தைத் தூர்வாரித் திறந்தே வைக்க வேண்டும், ஆற்றில் படிந்த சாம்பலை அகற்ற வேண்டும், இனி கல்லோ கட்டடமோ இந்த மணலைத் தொடக் கூடாது. போக நினைப்பவர்கள் வெயில் ஏறுமுன் போங்கள். முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள். பிளாஸ்டிக் எதையும் விட்டு வராதீர்கள். திரும்பும்போது குப்பத்துப் பெண்களிடம் பேரம் பேசாமல் மீன் வாங்குங்கள்.