வண்டி ஊளையிட்டால் முதலில் ஆயிலைப் பாருங்கள்

நம் வட்டாரத்தில் வண்டி இல்லாத மொத்த வியாபாரி இன்று குறைவு. முன்பெல்லாம் விருதுநகரில் பருப்பும் எண்ணெயும் வாங்கி லாரி ஆபீஸில் போட்டுவிட்டு வருவோம். சரக்கு வந்தபோது வரும். 2005-ல் டாட்டா ஏஸ் வந்த பிறகு சிறிய சரக்கு வண்டிகள் கடை வாசல்களில் நிற்கத் தொடங்கின. வண்டி நின்றால் வியாபாரமும் நிற்கும் என்ற நிலையும் அதோடு வந்தது. எங்கள் வண்டி நின்ற கதையைச் சங்க நண்பர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறோம். எந்தக் கம்பெனி வண்டி என்பது முக்கியமில்லை. எல்லா வண்டிக்கும் வரக்கூடியதுதான்.

பங்குனிப் பொங்கல் நெருங்கிய நேரம். திருச்சுழி, நரிக்குடி கடைகளுக்கு வெல்லமும் பச்சரிசியும் போய்க்கொண்டிருந்தன. ஒரு மாதமாகவே டிரைவர், "முதலாளி, வண்டி ஊய்னு இழுக்குது. நாற்பதைத் தாண்டினா கூடுது. பின்னாலேருந்துதான் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நீ மெதுவா ஓட்டினா சத்தம் ஏன் வருது?" என்று அவரைத்தான் கடிந்துகொண்டோம். அது எங்கள் தவறு.

சத்தம் தாங்காமல் ஒரு பட்டறையில் காட்டினோம். வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கியர் பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும், 25 ஆயிரத்துக்குக் குறையாது, ஒரு வாரமாகும் என்றார்கள். பணம் ஒருபுறம் இருக்கட்டும். பண்டிகை வாரத்தில் சரக்குப் போகாவிட்டால் சில்லறைக் கடைக்காரர் வேறு மண்டியில் வாங்குவார். அங்கே பழகிவிட்டால் அவர் திரும்பி வருவது சுலபமா என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

சம்மதம் சொல்லும் முன், லாரிகளில் வேலை பார்த்துப் பழகிய வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. "அண்ணாச்சி, நீங்களும் ஏறுங்க" என்று திருச்சுழி சாலையில் ஓட்டச் சொன்னார். நாற்பது வேகத்தில் மூன்றாம் கியரில் ஒருமுறை, அதே நாற்பதில் நான்காம் கியரில் ஒருமுறை. சத்தத்தின் சுருதி மாறவே இல்லை. பிறகு சமதளத்தில், என்ஜினை அணைக்காமல், நியூட்ரலில் உருளவிட்டார். சத்தம் தணிந்ததே தவிர நிற்கவில்லை. வண்டி மெதுவாக மெதுவாக அதுவும் இறங்கியது. "கியர் பாக்ஸா இருந்தா கியருக்குக் கியர் சத்தம் மாறும். இது சக்கரத்தோட சேர்ந்து பாடுது. கிரவுன்தான்" என்றார். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தெரியும் பகுதிக்குள் இருக்கும் கிரவுன் வீலையும் பினியனையும் சொன்னார். டிரைவரின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

நின்ற இடத்திலேயே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. நியூட்ரலில் என்ஜின் ஓடும்போது சத்தம் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றுபோனால் கியர் பாக்ஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறதென்றால் கிளட்ச் பேரிங். ரோடு மாறினால் சத்தம் மாறுவது டயர். வளைவில் கூடிக் குறைவது பெரும்பாலும் சக்கர பேரிங்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கிரவுனுக்கு ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி, ஓட்டையில் சுண்டுவிரலை விட்டு வளைத்துப் பார்க்கச் சொன்னார். ஆயில் ஓட்டையின் விளிம்பு வரை நிற்க வேண்டும். எங்கள் விரலில் ஈரமே படவில்லை.

ஆயில் எங்கே போயிற்று? இங்கேதான் நம் மண்ணின் வேலை. அச்சின் மேல்புறம் சுண்டுவிரல் நுனி அளவில் பிரீதர் என்று ஒன்று இருக்கிறது. ஓட்டத்தில் உள்ளே சூடேறி விரியும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிராமப் பாதைகளில் அப்பிய கரிசல் சேறு, தை வெயிலில் கல்லாகக் காய்ந்து அதை அடைத்திருந்தது. போக வழியில்லாத காற்று, பினியன் முனையிலிருக்கும் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு கசிந்திருக்கிறது. சீலைச் சுற்றி ஆயிலும் புழுதியும் சேர்ந்து அடையாக அப்பியிருந்தது. அதை நாங்கள் வெறும் அழுக்கென்றே நினைத்திருந்தோம்.

பிரீதரைச் சுத்தம் செய்து, சீல் மாற்றி, கம்பெனி புத்தகத்தில் சொல்லியிருந்த ஆயிலை ஊற்றியதும் பாதிச் சத்தம் போனது. மீதிக்காகத் திறந்து பார்த்ததில் பினியன் பேரிங் தேய்ந்திருந்தது. கிரவுன் பற்கள் நல்லவேளையாகத் தப்பின. கெட்டிருந்தால் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமாம். ஒன்றை மட்டும் மாற்றினால் பற்கள் பொருந்தாமல் மறுபடி ஊளையிடும். இரண்டு நாளில் வண்டி வெளியே வந்தது. ஆன செலவு முதலில் கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி வந்தோம். எந்த வேலைக்கும் பழைய சாமானைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஆயிலில் ஒரு எச்சரிக்கை. கிரவுனுக்கு ஊற்றுவதையே எல்லா கியர் பாக்ஸிலும் ஊற்றக்கூடாது. கிரவுனுக்குப் பொதுவாக ஜி.எல்.5 வேண்டும், அதிலுள்ள ரசாயனம் சில கியர் பாக்ஸ்களின் பித்தளை வளையங்களை அரித்துவிடும். 1983-ல் வந்த மாருதி 800 போன்ற, முன்சக்கரம் இழுக்கும் கார்களில் கியர் பாக்ஸும் கிரவுனும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் பொதுவாக ஒரே ஆயில்தான்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊளைச் சத்தத்தை மறைக்கக் கியர் ஆயிலில் மரத்தூள் கலந்து விற்பது மேல்நாடுகளிலேயே பழைய தந்திரம். மல்லித்தூளில் மரத்தூள் கலப்பவனைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நாம், ஆயிலையும் கொஞ்சம் இறக்கி விரலில் தேய்த்துப் பார்த்து வாங்கலாமே.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு டிரைவர் பிரீதரைத் துடைத்து, ஆயில் மட்டம் பார்த்துச் சொல்கிறார். போன வாரம், முன்பக்க இடது சக்கரத்தில் ஏதோ முனகுகிறது என்றார். நாளைக் காலை வண்டி பட்டறைக்குப் போகிறது.