தேய்மானமா, சொரியாசிஸ் வாதமா?

நெய்வேலி சுற்றுவட்டாரத்தில் நடவு, களையெடுப்பு, முந்திரிக்கொட்டை பொறுக்குதல் என்று குனிந்தே வேலை செய்பவர்கள் எந்த மூட்டு வலியையும் ‘தேய்மானம்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

தேய்மான வலி வேலை செய்யச் செய்யக் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். காலை விறைப்பு பெரும்பாலும் 30 நிமிடங்களுக்குள் விட்டுவிடும்.

சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் விறைப்பு அதற்கு மேலும் நீடிக்கும், நடமாடினால் தளரும். ஒரு விரல் முழுவதும் வீங்கலாம், குதிகால் வலிக்கலாம். முழங்கையிலோ தலையிலோ செதில் உதிரும் படை, நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் தெரியலாம். நகக்குழியைச் சேற்றால் வந்தது என்று ஒதுக்க வேண்டாம்.

வலி மாத்திரையிலேயே காலம் கடத்தினால் மூட்டு அரித்து, விரல் நிரந்தரமாகக் கோணிவிடலாம். மூட்டைக் காட்டும்போது நகத்தையும் தோலையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் மூட்டுவாதத்துக்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.